புதிதாகத் தொழில் தொடங்கும் எலக்ட்ரிஷியன், பிளம்பர்: குறைந்த செலவில் பவர் டூல்ஸ் வாங்க முழுமையான வழிகாட்டி

மேஸ்திரியிடம் ஹெல்பராக இருக்கும்வரை மெஷின் அவருடையது. தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்ததும் முதல் பெரிய செலவே மெஷின்தான். கையில் இருப்பது பெரும்பாலும் 15,000 அல்லது 20,000 ரூபாய். அதைக் கொண்டுபோய், கடைக்காரர் எடுத்து வைக்கும் 'காம்போ செட்' ஒன்றில் போட்டுவிட்டு, சில மாதத்தில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் தாமிரச் சுருள்) எரிந்து, பாதி வேலையில் வாடகை மெஷின் தேடி அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நிலை வராமல் வாங்குவதற்கான வழி இது. வீட்டு வயரிங்கும் பிளம்பிங்கும் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

அடிப்படை விதி ஒன்றுதான். தினமும் கையில் இருக்கப்போகும் மெஷினுக்கு நல்ல பணம் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பதில் மிச்சம் பிடியுங்கள். மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படுவதை வாடகைக்கு எடுங்கள். விலை குறித்து இங்கே வரும் தொகைகள் எல்லாம் தோராயமானவை. ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறும்.

படி 1: வரப்போகும் வேலையை எழுதிப் பாருங்கள்

அடுத்த ஆறு மாதத்தில் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கக்கூடிய வேலை என்ன? புது வீட்டு வயரிங்கா, பழைய வீட்டில் பாயிண்ட் மாற்றுவதா, ஏசி, கீசர் மாட்டுவதா, பாத்ரூம் கன்சீல்டு பைப்பா? ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: துளை போடுவது செங்கலிலா கான்கிரீட்டிலா, பைப் புதைக்கச் சுவரில் வெட்டும் காடி எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும்.

கடையில் கேட்கவேண்டிய எல்லாக் கேள்விக்கும் இந்தக் காகிதத்தில் பதில் இருக்கும். புது வீட்டில் பூசாத செங்கல் சுவரில் வேலை செய்பவருக்கும், பூசி பெயின்ட் அடித்த அப்பார்ட்மென்ட்டில் வேலை செய்பவருக்கும் ஒரே மெஷின் பொருந்தாது.

படி 2: துளை போடும் மெஷின் - பணத்தை இங்கே போடுங்கள்

கடையில் இரண்டு வகை இருக்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே வேலை செய்யும் விதம் வேறு.

முதல் வகை இம்பாக்ட் டிரில். 13 மி.மீ. சக் (துளைக்கும் பிட்டைக் கவ்வும் வாய்), 500 முதல் 650 வாட், விலை சுமார் 2,300 முதல் 3,500 ரூபாய். உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிக் குதிக்கும். நிமிடத்துக்கு 40,000-க்கும் மேல் சின்னச் சின்னத் தட்டல்கள் வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் வலு குறைவு. அந்த வலுவை நம் கைதான் அழுத்திக் கொடுக்க வேண்டும். செங்கல் சுவரில் 6 மி.மீ., 8 மி.மீ. துளைக்கு இது போதும். லிண்டல், பீம், கான்கிரீட் தளம் என்று வந்தால் பிட் சிவக்கும், கை வலிக்கும், துளை மட்டும் விழாது. அப்போது இன்னும் அழுத்துவோம். அந்த அழுத்தத்தில்தான் ஆர்மேச்சர் சூடாகி எரிகிறது.

இரண்டாவது வகை ரோட்டரி ஹேமர், நாம் சுருக்கமாக ஹேமர் மெஷின் என்பது. இதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியல் போல பிட்டின் பின்பக்கம் அடிக்கிறது. நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் 2 முதல் 3 ஜூல் வலு. நாம் அழுத்த வேண்டியதில்லை. மெஷினை நேராகப் பிடித்து லேசாகத் தாங்கினால் போதும். அழுத்தினால் பிஸ்டனின் ஓட்டம் கெட்டு வேகம் குறையும். தலைக்குமேல் கான்கிரீட் தளத்தில் துளை போடும்போது இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

வயரிங்கும் பிளம்பிங்கும் செய்பவருக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும் என்றால், அது ரோட்டரி ஹேமராக இருக்கட்டும். இதைப் பார்த்து வாங்குங்கள்:

- எஸ்.டி.எஸ். பிளஸ் சக். பிட்டின் அடிப்பகுதி 10 மி.மீ. தடிமனில் காடிகளோடு இருக்கும், சாவி தேவையில்லை. எஸ்.டி.எஸ். மேக்ஸ் என்பது 18 மி.மீ., பெரிய மெஷினுக்கு. இரண்டின் பிட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.
- மூன்று மோடு: துளை மட்டும், துளையும் அடியும், அடி மட்டும். சில மலிவு மாடல்களில் மூன்றாவது இருக்காது. அது இல்லாவிட்டால் உளி பிட் போட்டு ஸ்விட்ச் பாக்ஸுக்குக் கொத்த முடியாது.
- 22 அல்லது 26 மி.மீ. கிளாஸ் (கான்கிரீட்டில் போடக்கூடிய அதிகபட்சத் துளை அளவு), 700 முதல் 830 வாட். 22 மி.மீ. கிளாஸில் சுமார் 2 ஜூல், 26-ல் சுமார் 2.7 முதல் 3 ஜூல். 2.3 முதல் 2.8 கிலோ எடைக்குள் இருந்தால் நாள் முழுக்கத் தூக்கலாம்.
- சேஃப்டி கிளட்ச். பிட் கம்பியில் மாட்டினால் சக் மட்டும் நழுவி நிற்க வேண்டும். இது சரியாக இல்லாத மெஷினில், மாட்டிய பிட் நிற்க, மெஷின் சுற்றி மணிக்கட்டைத் திருகிவிடும். சைடு கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். ஏணியில் நிற்கும்போது அது இல்லாமல் பிட் மாட்டினால் ஆளே கீழே வந்துவிடுவார்.

தெரிந்த பிராண்டில் 22 மி.மீ. கிளாஸ் சுமார் 6,000 முதல் 8,000 ரூபாய். மலிவு பிராண்டில் '26 மி.மீ.' என்று 3,000 முதல் 4,000-க்குக் கிடைக்கும். அதில் எழுதியிருக்கும் ஜூல் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். ஒரே கான்கிரீட் துண்டில், ஒரே 10 மி.மீ. பிட்டை இரண்டு மெஷினிலும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. 2 கிலோ கிளாஸ் ஹேமரில் உளி போட்டு ஸ்விட்ச் பாக்ஸ் கொத்தலாம், காடியின் நடுவைத் தட்டி எடுக்கலாம். பழைய பாத்ரூம் டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க அது ஆகாது. அதற்கு 5 கிலோ டெமாலிஷன் ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வாடகையைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 3: காடி வெட்டும் மெஷின் - ஆழத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் 2,000 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது, அதிலேயே டைமண்ட் வீல் போட்டுச் சுவரை வெட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

25 மி.மீ. பைப் புதைக்க வேண்டும். பூசாத புதுச் சுவர் என்றால் செங்கல் மட்டத்திலிருந்து 30 மி.மீ. ஆழம் போதும்; பிறகு வரும் பூச்சு பைப்பை மூடிவிடும். ஏற்கெனவே பூசிய சுவர் என்றால், பைப்பின் 25 மி.மீ.யோடு அதன்மேல் 12 முதல் 15 மி.மீ. பூச்சும் வேண்டும். ஆக 40 மி.மீ. அதைவிடக் குறைத்தால் பைப் நெடுக மயிரிழை விரிசல் ஓடும். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் போன் செய்வார்.

4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் கியர் தலையும் கார்டும் (பிளேடை மறைக்கும் தகடு) இடிப்பதால் உள்ளே போகும் ஆழம் 25 மி.மீ. சொச்சம்தான். 4 இஞ்ச் மார்பிள் கட்டரில், அதாவது 110 மி.மீ. பிளேடில், 30 மி.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கும். 5 இஞ்ச், 125 மி.மீ. பிளேடு எடுக்கும் கட்டரில் ஏறக்குறைய 40 மி.மீ. புது வீட்டு வேலைக்கு 4 இஞ்ச் மார்பிள் கட்டர் போதும். பழைய வீடுகளில்தான் உங்கள் வேலை என்றால் 5 இஞ்ச் எடுங்கள். 1,050 முதல் 1,400 வாட், விலை 2,500 முதல் 5,000 ரூபாய்.

கட்டரின் அடித்தட்டு, அதாவது பேஸ் பிளேட், முக்கியம். பிளேடு சுவருக்குள் எவ்வளவு போகவேண்டும் என்பதை அதை இறுக்கித்தான் நிர்ணயிக்கிறோம். கடையில் அந்த நட்டை இறுக்கிவிட்டுத் தட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காடி ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் போகும்.

பிளேடு விஷயத்தில் மூன்று தவறுகள் உயிரோடு விளையாடுபவை. ஒன்று, 110 மி.மீ. கட்டரில் கார்டைக் கழற்றிவிட்டு 125 மி.மீ. பிளேடு போடுவது. 125 மி.மீ. பிளேடில் அதிகபட்சம் 12,200 ஆர்.பி.எம். என்று அச்சிட்டிருக்கும், 4 இஞ்ச் கட்டர்கள் சில 13,000-ல் ஓடும். பிளேடின் எல்லையை மெஷின் தாண்டிவிடுகிறது, மேலே மறைப்பும் இல்லை. இரண்டு, 20 மி.மீ. ஓட்டை உள்ள கட்டர் பிளேடை, 16 மி.மீ. ஃபிளாஞ்ச் (பிளேடு உட்காரும் வளையம்) உள்ள 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் அப்படியே மாட்டுவது. நடுவில் 4 மி.மீ. இடைவெளி, பிளேடு மையம் தப்பி ஆடும். மூன்று, மரம் அறுக்கும் பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது. மரத்தைப் பல் கவ்வினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளும்; தாங்கிப் பிடிக்க அதில் அடித்தட்டும் கிடையாது. கழுத்திலும் தொடையிலும் வெட்டு விழுவது இப்படித்தான்.

காடி வெட்டும்போது முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டாதீர்கள். முதலில் 15 மி.மீ., அடுத்த ஓட்டத்தில் மீதி. பைப்பைவிட 5 மி.மீ. அகலம் கூடுதலாக இரண்டு கோடு வெட்டி, நடுவை ஹேமர் உளியால் தட்டுங்கள். நாலரை இஞ்ச் சுவரில் 40 மி.மீ. காடி என்பது சுவரின் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சுவரில் இருபக்கமும் ஒரே இடத்தில் வெட்டுவதும், நீளமாகக் குறுக்கே வெட்டுவதும் கூடாது. தூணிலும் பீமிலும் கம்பியைத் தொடவே கூடாது.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. சிமென்ட், செங்கல், கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும்; போன நுரையீரல் திரும்பி வராது. முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் அந்த நுண்தூசியை நிறுத்தாது. மூக்கில் இறுக்கமாகப் பதியும் என்-95 மாஸ்க், கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, காதுக்கு மஃப் ஆகிய மூன்றையும் மெஷினோடு அதே பில்லில் வாங்குங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால் வாங்கவே மாட்டோம்.

ஆங்கிள் கிரைண்டரும் ஒருநாள் தேவைப்படும்: கிளாம்ப், ஆங்கிள், ஜி.ஐ. பைப் வெட்ட. இரண்டாவது சுற்றில் வாங்கிக்கொள்ளலாம். இதில் மிச்சம் பிடிப்பதில் தவறில்லை.

படி 4: கார்ட்லெஸ் - வோல்ட் கணக்கில் ஏமாறாதீர்கள்

மாடுலர் ஸ்விட்ச் பிளேட், டிபி (மின் விநியோக) பாக்ஸ், ஃபேன், லைட் எல்லாம் மாட்டுவதற்குக் கார்ட்லெஸ் டிரில் டிரைவர் இருந்தால் வேலை வேகமாக ஓடும். எலக்ட்ரிஷியனுக்கு 12 வோல்ட், 30 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகும் வலு) போதும். இரண்டு பேட்டரியோடு 5,000 முதல் 6,500 ரூபாய் வரும்.

முதலில் பெயரில் உள்ள குழப்பம். லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 செல் போட்டால் 10.8, அதைத்தான் '12 வோல்ட்' என்கிறார்கள். 5 செல் போட்டால் 18. அதையே சில கம்பெனிகள் '20 வோல்ட் மேக்ஸ்' என்கின்றன. 18-ம் 20-ம் ஒன்றுதான், வலுவில் வித்தியாசம் இல்லை.

சந்தையில் '48 வோல்ட்', '88 வோல்ட்', '128 வோல்ட்' என்று பெரிய எழுத்தில் ஒட்டிய மெஷின்கள் 2,000, 3,000 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சோதிக்க ஒரு நிமிடம் போதும். நீங்கள் எலக்ட்ரிஷியன், மல்டிமீட்டர் உங்களிடம் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, டி.சி. வோல்ட்டில் வைத்து, பிளஸ்ஸிலும் மைனஸிலும் முனையை வையுங்கள். முழு சார்ஜில் 21 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உள்ளே 5 செல் வரிசை. நிஜமாகவே 48 வோல்ட் வரவேண்டுமென்றால் 13 செல் வரிசையாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. மெஷின் ஓடும், சில வேலைக்கு உதவவும் செய்யும். ஆனால் 48 வோல்ட் விலை கொடுக்காதீர்கள்.

வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி: "தனி பேட்டரி என்ன விலை, ஸ்டாக் இருக்கா?" முதல் பேட்டரி எந்தக் கம்பெனியோ, அடுத்து வாங்கும் கார்ட்லெஸ் எல்லாம் அதே கம்பெனியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒன்றின் பேட்டரி இன்னொன்றுக்குப் பொருந்தாது. தனி பேட்டரி கிடைக்காத மாடல், பேட்டரி இறந்த அன்றே குப்பை.

பிளாஸ்டிக் பாக்ஸில் ஸ்க்ரூ ஏற்றும்போது கிளட்ச் வளையத்தை 2 முதல் 4-க்குள் வையுங்கள். டிரில் குறியில் வைத்து ஏற்றினால் பாக்ஸின் மரை பிய்ந்துவிடும். சுவருக்குள் புதைந்த பாக்ஸை மாற்றுவது பெரும்பாடு. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுப் போகாதீர்கள். ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் போடாமல், கை தாங்கும் அளவு ஆறிய பிறகு போடுங்கள்.

படி 5: பிளம்பருக்கு மட்டும்

பைப் வெளியே எடுக்கச் சுவரை முழுதாகத் துளைக்க வேண்டும். 9 இஞ்ச் செங்கல் 230 மி.மீ., இருபக்கப் பூச்சும் சேர்த்து சுமார் 260 மி.மீ. இங்கே பிட் வாங்குவதில் ஒரு சூட்சுமம்: பிட்டின் மொத்த நீளம் வேறு, வேலை செய்யும் நீளம் வேறு. 260 மி.மீ. பிட்டில் உள்ளே போவது 200 மி.மீ.; 310-ல் 250 மி.மீ. ஆகவே இரண்டுமே மறுபக்கம் வராது. 450 மி.மீ. பிட்தான் தேவை. 

ஏசி பைப், வாஷ்பேசின் வேஸ்ட் போன்ற பெரிய ஓட்டைக்கு, 26 மி.மீ. கிளாஸ் ஹேமரில் செங்கல் சுவரில் 68 மி.மீ. வரை கோர் பிட் (வட்டமாக வெட்டும் குழாய் வடிவ பிட்) ஓட்டலாம். 110 மி.மீ. பைப்புக்கும், கான்கிரீட் தளத்தில் கோர் எடுக்கவும் டைமண்ட் கோர் மெஷின் வாடகைக்கு எடுங்கள் அல்லது கோர் கட்டிங் ஆளை அழையுங்கள். சின்ன ஹேமரை வதைக்காதீர்கள். பி.பி.ஆர். பிளாஸ்டிக் பைப்பை ஒட்டும் வெல்டிங் மெஷினும் அந்த வேலை வந்த பிறகு போதும்.

படி 6: பிராண்டைவிட முதலில் சர்வீஸ் கடை

மெஷின் கடைக்குப் போகுமுன் உங்கள் ஊரில், அல்லது பக்கத்து டவுனில், பவர் டூல்ஸ் ரிப்பேர் பார்க்கும் கடைக்குப் போங்கள். அலமாரியில் என்ன மாடல்கள் கிடக்கின்றன என்று பாருங்கள். "அண்ணே, எந்த மாடலுக்கு ஆர்மேச்சர், கார்பன், ஸ்விட்ச் உடனே கிடைக்கும்? ஆர்மேச்சர் மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். (கார்பன் என்பது சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்.) தினம் பத்து மெஷின் பிரிக்கிறவருக்குத் தெரிந்தது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

அவர் சொல்லும் ஆர்மேச்சர் விலை புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்த மெஷின் ரிப்பேர் செய்து ஓட்டக்கூடியது இல்லை. எரிந்தால் தூக்கிப் போடவேண்டியது. அதை அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

பிராண்டு குறித்துச் சுருக்கமாக: போஷில் நீல நிறம் தொழில் செய்பவர்களுக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு. பச்சை மெஷினை நாள் முழுக்க ஓட்டி எரிந்தால் குறை அதனுடையது இல்லை. மகிதாவில் எம்.டி. வரிசை விலை குறைந்தது. ஹிட்டாச்சி கோகி 2018-ல் ஹைகோகி என்று பெயர் மாறியது. ஆகவே பழைய ஹிட்டாச்சி மெஷினுக்கு ஸ்பேர் கேட்கும்போது இரண்டு பெயரும் சொல்லுங்கள். டாங்செங், இங்கோ, டோட்டல் போன்றவை நடுத்தர விலை. இவற்றில் உங்கள் ஊரில் எதற்கு ஸ்பேர் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல பிராண்டு. சென்னைக்காரர்கள் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் மெஷினும் ஸ்பேரும் ஒரே நடையில் விலை விசாரித்துவிடலாம்.

வாரண்டி 6 மாதம், 1 வருடம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்பன், பிட், பிளேடு போன்ற தேய்மானப் பொருட்கள் பொதுவாக அதில் சேராது. பில் இல்லாமல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடித்து வாங்கினால் வாரண்டியும் போகும், ஒரிஜினல்தான் என்பதற்கு அத்தாட்சியும் போகும்.

படி 7: கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் மெஷின் தகட்டில் உள்ள சீரியல் நம்பரும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிரபல மாடல்களுக்கு டூப்ளிகேட் ஏராளம். கேட்டலாகில் உள்ள எடையைவிட மெஷின் கணிசமாக லேசாக இருந்தால் உள்ளே தாமிரம் குறைகிறது என்று சந்தேகப்படுங்கள்.

பிளக்கில் மாட்டாமல் முதலில் கையால். கட்டர், கிரைண்டர் என்றால் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது. ஹேமரில் பிட் மாட்டி இழுத்தால் முன்னும் பின்னும் ஒரு சென்டிமீட்டர் போல நகரும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். பக்கவாட்டில் அதிகம் ஆடினால்தான் கோளாறு.

பிறகு இரண்டு நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டுங்கள். காற்றுத் துளை வழியாகக் கார்பன் இருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். சின்ன நீலப் பொறி அங்கங்கே தெரிந்தால் சரி. நெருப்பு வளையம் போலச் சுற்றி வந்தால் அந்த மெஷினை வைத்துவிடுங்கள். ஓட்டம் நின்றதும் கியர் தலையைத் தொடுங்கள். இதமான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது. ஸ்விட்சை விட்டதும் மின்சாரம் துண்டாகி ஓட்டம் அடங்குகிறதா, லாக் பட்டன் ஒரு தட்டில் விடுபடுகிறதா என்றும் பாருங்கள்.

மெஷின் ஒயரில் இரண்டு பின் மட்டும் இருந்து, தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் அது டபுள் இன்சுலேஷன், எர்த் தேவையில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் கூடுதலாக ஒன்று: பக்கத்தில் உள்ள கார்பன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கார்பன் 5, 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், அது சில நூறு ரூபாய் விஷயம். ஆனால் உள்ளே தெரியும் கம்யூட்டேட்டர் (கார்பன் உரசும் தாமிர வளையம்) கருத்துப் பள்ளம் விழுந்திருந்தால், அல்லது எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பழைய கார்ட்லெஸ் பேட்டரியை வாங்கவே வாங்காதீர்கள்.

படி 8: பிட்டும் வீலும்

மெஷினில் 7,000 போட்டுவிட்டு 20 ரூபாய் பிட்டில் மிச்சம் பிடித்தால் மெஷின்தான் அடி வாங்கும். தொடக்கத்துக்கு எஸ்.டி.எஸ். பிட் 6, 8, 10, 12 மி.மீ. தலா இரண்டு, ஒரு பாயிண்ட் உளி, ஒரு ஃபிளாட் உளி, நீளமான பிட் ஒன்று. கம்பி நெருக்கமான கான்கிரீட்டில் அடிக்கடி வேலை என்றால் 10 மி.மீ.யில் மட்டும் நான்கு வெட்டு முனை உள்ள பிட் எடுங்கள். கம்பியில் பட்டாலும் முனை உடனே உடையாது.

டைமண்ட் பிளேடில், ஓரம் துண்டு துண்டாகப் பிரிந்த செக்மென்ட் வகை சுவர் வெட்ட. ஓரம் தொடர்ச்சியாக உள்ளது டைல்ஸுக்கு, தண்ணீரோடு. இரும்பு வெட்டும் மெல்லிய வீல்களில் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பொதுவாகத் தயாரித்து மூன்று வருடம். அதற்குமேல் பிசின் வலுவிழக்கும், ஓடும்போதே சிதறும். ஈரம் பட்ட வீலையும், கீழே விழுந்த வீலையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

படி 9: எக்ஸ்டென்ஷனை நீங்களே கட்டுங்கள்

ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பலவற்றில் 0.75 சதுர மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஒயர்தான். 1,400 வாட் கட்டர் 6 ஆம்பியர் இழுக்கும். பிளேடு சுவரில் திணறினால் அதற்கும் மேல். சைட்டில் ஏற்கெனவே மின்னழுத்தம் குறைவாக இருக்கும். மெல்லிய ஒயர் இன்னும் சில வோல்ட்டை விழுங்கினால் மெஷின் வேகம் குறையும், நாம் அழுத்துவோம், கரண்ட் ஏறும், ஆர்மேச்சர் எரியும். மெஷின் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுவோம்.

1.5 சதுர மி.மீ., மூன்று கோர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஃபிளெக்ஸிபிள் கேபிள் 20 மீட்டர், 16 ஆம்பியர் பிளக் டாப், கெட்டியான பாக்ஸ், உள்ளே மின்கசிவு வந்ததும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஓவர்லோடுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. எல்லாம் சேர்த்து சுமார் 1,800 ரூபாய். ஈரச் சுவரில், வெறுங்காலில் நிற்கும் ஹெல்பருக்கு இந்தப் பாக்ஸ்தான் காவல். கேபிளை முழுதாகப் பிரித்துப் போட்டு ஓட்டுங்கள். சுருளாக வைத்தால் சூடேறி இன்சுலேஷன் இளகும்.

படி 10: 20,000 ரூபாயைப் பிரிப்பது

ரோட்டரி ஹேமர் 7,000. மார்பிள் கட்டர் 3,500. 12 வோல்ட் கார்ட்லெஸ் 5,000. பிட், உளி, பிளேடு 2,000. எக்ஸ்டென்ஷன் 1,800. மாஸ்க், கண்ணாடி, மஃப் 700.

கையில் இருப்பது 15,000 என்றால் கார்ட்லெஸை மட்டும் தள்ளிப் போடுங்கள். ஸ்க்ரூவைக் கையால் ஏற்றலாம், கான்கிரீட்டைக் கையால் துளைக்க முடியாது. ஹேமரின் தரத்தைக் குறைத்துக் கார்ட்லெஸ் வாங்குவது தலைகீழ்.

கடன் எடுப்பதானால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் விண்ணப்பிக்கலாம். மெஷின் கொட்டேஷனை ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்கிச் செல்லுங்கள். 35 வயது நிரம்பியவர்களுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

ஹேமரில் பிட் மாட்டும் ஒவ்வொரு முறையும் அதன் அடிப்பகுதியைத் துணியால் துடைத்து, பயறளவு கிரீஸ் தடவுங்கள். தளத்தில் மேல்நோக்கித் துளைக்கும்போது பிட்டில் ஒரு பிளாஸ்டிக் டீ கப்பைக் கோத்துவிட்டால் தூசி சக்குக்குள்ளும் உங்கள் கண்ணுக்குள்ளும் போகாது. மாலையில் மெஷினை நிறுத்துமுன் லோடு இல்லாமல் ஒரு நிமிடம் ஓட விட்டால் உள்ளே தங்கிய சூடும் தூசியும் வெளியேறும்.

நன்றாக ஓடிய மெஷின் திடீரென்று சத்தமே இல்லாமல் நின்றால் உடனே ஆர்மேச்சர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல மெஷின்களில் கார்பன் தேய்ந்ததும் தானாகத் தொடர்பைத் துண்டிக்கும் வகை கார்பன் இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றி, லோடு இல்லாமல் 10, 15 நிமிடம் ஓட விட்டு, கார்பன் முகம் கம்யூட்டேட்டரில் படிந்த பிறகு சுவரில் வையுங்கள்.